மைனஸ் நாற்பதும் மாவு மில்லும்

2004ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், கொல்லிமலையின் ஊர்ப் பிரிவான பெரக்கரை நாட்டைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் நடந்தது இது. பால் குளிரூட்டும் நிலையங்களில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மனைவி காலமான பிறகு சமவெளியின் வெயில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக வசித்து வந்தேன். அன்று நடந்ததை எங்கள் உறவினர் வட்டத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் அதைச் சிரிப்புக் கதையாகவே ஆக்கிவிட்டார்கள். நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் எழுத்தில் இருக்கட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் தங்கையின் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேளுக்குறிச்சிப் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர், நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இராது. பொறியியல் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, மாவட்டத்துப் பாலெல்லாம் கெடாமல் நகரத்துக்குப் போய்ச் சேரும்படி இயந்திரங்களை நிர்வகித்தவன் நான். அவரோ எந்த விசேஷத்துக்குப் போனாலும் புதியவர்களிடம் என்னை, “இவரு எங்க மச்சானுங்க, பிரிட்ஜ் ரிப்பேருல பெரிய கெட்டிக்காரரு” என்றுதான் அறிமுகம் செய்வார். திருத்திச் சொன்னால் சிரிப்பார். திருத்துவதை நானும் நிறுத்தியிருந்தேன். வருத்தம் மட்டும் நிற்கவில்லை.

அவருடைய மகன், என் மருமகன், பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தான். முப்பதைத் தாண்டியும் அவனுக்கு ஒரு விளையாட்டு விடவில்லை. கணினியின் மூளையான பிராசஸரை, செய்தவர்கள் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்ப்பதுதான் அது. உலகம் முழுவதும் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. இணையத்தில் போட்டிகளும் நடக்கின்றன. வேகம் கூடக்கூட பிராசஸர் சுடும். எவ்வளவு குளிர்விக்கிறோமோ அவ்வளவு வேகம் ஏற்றலாம். இதற்காக அவன் வெளிநாட்டு நண்பர் ஒருவரிடமிருந்து பழைய குளிரூட்டி ஒன்றை வாங்கியிருந்தான். கம்ப்ரசர், வாயு, குழாய்கள் எல்லாம் அடங்கிய பெட்டி அது. வாயு திரவமாகி, மறுபடி வாயுவாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்கிற அதே தத்துவம். பெட்டியிலிருந்து நீளும் குழாயின் முனையில் இருக்கும் செம்புக் கட்டி நேராகப் பிராசஸரின் மேல் உட்காரும். பிரிட்ஜ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் வாசகர்களுக்கு அதுதான் எளிதில் விளங்கும்.

உறவினர் வீட்டுக் காதுகுத்து விருந்தில் மருமகன் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான். பிராசஸர் முழுமூச்சில் ஓடும்போது அந்தப் பெட்டி மைனஸ் இருபது டிகிரியைத் தாண்ட மறுக்கிறது. சித்திரை முடிவதற்குள் ஒரு போட்டி முடிகிறது. இந்த வெயிலில் ஒன்றும் ஆகாது என்றான். விவரங்களைக் கேட்டதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

“வாயுவை மாத்தோணும், உள்ள இருக்கற நுண்குழாயை நீட்டோணும். மலைக்குக் கொண்டா சாமி, மைனஸ் நாற்பதுக்குக் கொண்டு வந்து தாரேன்” என்றேன்.

பக்கத்து இலையில் இருந்த தங்கையின் கணவருக்கு அது போதுமானதாக இருந்தது. “ஏனுங்க மச்சான், குச்சி ஐஸ் வண்டி ஏதும் விடப் போறீங்களா?” என்றார். பந்தியே சிரித்தது. அதோடு விடாமல், “சரி, நாப்பது வரலீன்னா?” என்று கேட்டார்.

“வரலீன்னா, இனி எந்த விசேஷத்துல வேணும்னாலும் நீங்க என்னைப் பிரிட்ஜ் ரிப்பேர்னே சொல்லிக்கலாமுங்க மாப்பிள்ளை. நானே தலையாட்டறேன்” என்றேன்.

சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை என்று சிலர் கதை கட்டுகிறார்கள். அது உண்மையல்ல. பாயசம்வரை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். ஆனால் வாக்கு வாக்குதான். ஐம்பது உறவினர்களுக்கு முன்னால் கொடுத்துவிட்டேன்.

மருமகன் விடுப்பு எடுத்துக்கொண்டு அடிவாரத்துக் காரவள்ளி வழியாகப் பெட்டியை மேலே கொண்டு வந்தான். வளைவுக்கு வளைவு நிறுத்தி, குழாய் ஏதும் அசைந்ததா என்று பார்த்துக்கொண்டே வந்ததாகச் சொன்னான். வேலையைத் தொடங்கினோம். பழைய வாயுவை வெளியேற்றி, ஐஸ்கிரீம் கிடங்குகளில் பயன்படும் வாயுவை அதற்குப் பதிலாக ஏற்றுவது என் திட்டம். அதற்கேற்ப மயிர்க்கால் அளவு துளையுள்ள நுண்குழாயை நீளமானதாக மாற்றி, இணைப்புகளை நானே பற்றவைத்தேன். அத்தனை ஆண்டுப் பணியில் நான் பற்றவைத்த இணைப்பு கசிந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. இதுவும் கசியவில்லை.

அடுத்து நான் செய்ததைப் பார்த்து மருமகன் சிரித்தான். பிராசஸரை வைத்துச் சோதித்தால், ஏதாவது பிசகினால் அது போய்விடும். அவனிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று. அதனால் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக் கம்பியைச் செம்புக் கட்டியோடு சேர்த்துக் கட்டி, பிராசஸர் கொடுக்கும் அளவுக்கே வெப்பம் வரும்படி மின்சாரத்தைக் குறைத்துக் கொடுத்தேன்.

“என்னங்க மாமா, இன்டர்நெட்டு முழுக்க தேடினாலும் இஸ்திரிப் பெட்டி வெச்சு யாரும் டெஸ்ட் பண்ணலீங்க.”

“அவங்களுக்கு இஸ்திரி போட்ட சட்டை தேவையில்லையோ என்னவோ” என்றேன். நான் அதிகம் வேடிக்கையாகப் பேசுகிறவன் அல்லன். அன்று மனம் அப்படி இருந்தது.

வாயு சரியான அளவில் ஏறியிருக்கிறதா என்பதை அழுத்தமானி மட்டும் சொல்லாது. கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் குழாயில் பனி எதுவரை படிகிறது என்று பார்க்க வேண்டும். பனி குழாயின் பாதியிலேயே நின்றால் வாயு போதவில்லை. கம்ப்ரசர்வரை வந்து ஏறினால் அதிகம், கம்ப்ரசர் கெடும். சிறிது சிறிதாக ஏற்றி, காத்திருந்து, பார்த்து, மறுபடி ஏற்றி, பனியை நான் விரும்பிய இடத்தில் நிறுத்தினேன். இஸ்திரிக் கம்பி சூடு கொடுத்துக்கொண்டிருக்க, வெப்பமானி மைனஸ் நாற்பத்திரண்டைக் காட்டியது. மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் அப்படிச் செய்வது அதுவே முதல் முறை.

போட்டியின் கடைசி நாள் காலையில் உண்மையான பிராசஸரோடு ஓட்டிப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். தங்கையின் கணவரும் ஜீப்பில் வந்து இறங்கினார். “வாக்குன்னா சாட்சி வேணுமில்லீங்களா” என்றார். முந்தின நாள் கோடை மழை பெய்து, காலையில் மஞ்சு என்கிற மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. நல்ல குளிர். கம்ப்ரசருக்கு இதைவிடத் தோதான காலை கிடைக்காது என்று எல்லோரும் மகிழ்ந்தோம்.

இயந்திரம் ஓடியது. மானி இறங்கியது. மருமகன் வேகத்தை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தபோது, திரை சட்டென்று இருண்டது.

செம்புக் கட்டியைக் கழற்றிப் பார்த்தால் பிராசஸரைச் சுற்றிலும் நீர்த்துளிகள். மஞ்சு நிறைந்த காற்று அந்தக் குளிர்ந்த செம்பைத் தொட்டதும் நீராகி, மின்பலகையில் இறங்கியிருந்தது. வெயிலிலிருந்து தப்பி மலையேறுகிற சமவெளிக்காரர்கள் எல்லோரையும் போலவே நாங்களும் குளிரை மட்டும் பார்த்தோம்; அதோடு ஈரமும் சேர்ந்து வரும் என்பதைப் பார்க்கவில்லை. சுற்றிலும் அடைத்திருந்த நுரைத்தாளை மருமகன் இணையத்தில் படித்த முறைப்படி வைத்திருந்தான். அந்த முறையை எழுதியவர்கள் குளிர்நாட்டில், கணப்பு மூட்டிய வறண்ட அறைகளில் இருப்பவர்கள். கொல்லிமலை மஞ்சை அவர்கள் எங்கே கண்டார்கள்?

மருமகனின் முகத்தை அப்போது பார்க்க முடியவில்லை. “போச்சுங்க மாமா. போர்டு போயிருக்கும்” என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் தகப்பனார் குனிந்து மேசையில் சிந்திய நீரைத் தம் துண்டால் துடைத்தார். அது எனக்கு அவருடைய கிண்டலைவிட அதிகமாக உறைத்தது.

ஆனால் ஈரம் எனக்குப் புதிதல்ல. பால் நிலையங்களில் குளிர்குழாய்க்கும் காற்றுக்கும் இடையே ஓர் ஊசி முனை அளவு இடைவெளிகூட விடமாட்டோம். விட்டால் சுவரெல்லாம் நீர் வழியும். மின்பலகையை மேசை விளக்கின் சூட்டிலும் விசிறிக் காற்றிலும் மதியம்வரை உலர்த்தினோம். பிறகு, என்னிடம் மீதமிருந்த குழாய் சுற்றும் கறுப்பு நுரை ரப்பரை அளந்து வெட்டி, பிராசஸரைச் சுற்றி வாஸ்லின் பசை பூசி, காற்று புக வழியே இல்லாமல் அடுக்கடுக்காக அடைத்தேன். மாலையில் சாதாரண வேகத்தில் கணினி உயிர்த்தது. பலகை பிழைத்திருந்தது. மருமகன் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

மலையில் இணைய வசதி கிடையாது; முடிவைச் சேர்க்க அவன் இரவுக்குள் நாமக்கல் போயாக வேண்டும். இருந்த நேரம் கொஞ்சம்தான். கம்ப்ரசர் சுவிட்சைப் போட்டேன். அது ஓடவில்லை, முனகியது. சற்று முனகிவிட்டுத் தானாகவே நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி முனகல்.

“என்னுங்க மச்சான், பிரசவ வலியா?” என்றார் தங்கையின் கணவர். ஆனால் குரலில் சிரிப்பு இல்லை. அவருக்கும் கவலை வந்துவிட்டிருந்தது.

மின்னழுத்தம் போதவில்லை. ஸ்டெபிலைசரும் கைவிரித்தது. மலையின் பெரிய ஊரான செம்மேட்டில் வாடகைக்குக் கிடைக்கும் ஜெனரேட்டர் ஏதோ திருமணத்துக்குப் போயிருந்தது. வீட்டை எனக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர், பக்கத்திலேயே வசிக்கும் மலை விவசாயி, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

“அய்யா, இந்நேரத்துக்கு அப்படித்தானுங்க. காட்டுவேலை முடிஞ்சு பொம்பளைங்க மாவு மில்லுக்கு வந்திருவாங்க. அந்த மோட்டாரு ஓடினா லைனே படுத்துக்கும். அதோட எல்லா ஊட்லயும் டிவி வேற, இன்னைக்குக் கிரிக்கெட்டுங்க.”

“அரைமணி நேரம் நிறுத்தச் சொன்னா நிறுத்துவாங்களா? நான் போயி பேசிட்டு வாரேன்” என்று தங்கையின் கணவர் செருப்பைத் தேடினார்.

வீட்டுக்காரர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். “நீங்க போனா ஆவாதுங்க. இந்த ஊர்ல ஒரு வழக்கம். ஊரு சேர்ந்து ஒண்ணு செய்யோணும்னா, யாருக்கு வேணுமோ அவுங்களே வந்து வாயத் தொறந்து கேக்கோணும். ஆளு அனுப்பினா காது குடுக்க மாட்டாங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எவரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன். மேலதிகாரிகளிடம்கூட இடமாற்றம் கேட்டதில்லை. அந்த ஊரில் குடியேறிய நாள் முதல் வணக்கம் சொன்னவர்களுக்கு வணக்கம் சொல்வேன். அதற்கு மேல் பேச்சு வைத்துக்கொண்டதில்லை. அதை இன்றும் நான் குறையாகக் கருதவில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் இயல்பு. ஆனால் என் வாக்கு அந்தப் பெட்டிக்குள் முனகிக்கொண்டிருந்தது. உள்ளே போய் வாஸ்லின் படிந்த சட்டையைக் கழற்றி, வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

மில் கொட்டகையில் பெண்கள் கேழ்வரகும் சாமையுமாகக் கூடைகளோடு காத்திருந்தார்கள். மில்லை நடத்துபவரும் ஒரு பெண்மணிதான். புடவை, முடி, புருவம் எல்லாம் மாவு. எதிர்த்த கடையில் ஆண்கள் டிவியைச் சுற்றி நின்றிருந்தார்கள். நான் கொட்டகையில் ஏறியதும் பெண்கள் கூடைகளை நகர்த்தி வழி விட்டார்கள். சத்தத்துக்கு மேலாகப் பேச வேண்டியிருந்ததால் மில்காரப் பெண்மணி மோட்டாரை நிறுத்தினார்.

விஷயத்தைச் சொன்னேன். என் குரல் தடுமாறவில்லை.

“கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க அத்தனை குளிரு? அதுக்குக் காய்ச்சலா?” என்று கூடையோடு நின்ற ஒருத்தி கேட்டாள்.

“ஆமாங்க. ஓட ஓடச் சூடேறும். ஆற வெச்சாத்தான் இன்னும் வேகமா ஓடும்.”

“வேகமா ஓடி எங்க போவுதாம்?”

கடைப்பக்கமிருந்து சிரிப்பு. “அங்கயே உக்காந்துட்டேதான் ஓடும்!” என்று ஒருவர் பதில் சொன்னார்.

மில்காரப் பெண்மணி சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்து மாவைத் துடைத்தார். “சரிங்க, இத நிறுத்தினா எங்களுக்கு என்னங்க கெடைக்கும்? எல்லாரு ஊட்லயும் களிக்குத் தண்ணி வெச்சுட்டு வந்திருக்காங்க.”

நியாயமான கேள்வி. ஊருக்கு நன்மை, பிள்ளைகள் படிப்பு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல எனக்கு வராது.

“உங்களுக்கு ஒண்ணும் கெடைக்காதுங்க. என் பேருக்காகத்தான் கேக்கறேன். நாலு பேரு முன்னால ஒரு வாக்குக் குடுத்துட்டேன். இன்னைக்கு முடியலீன்னா என் படிப்புக்கும் வேலைக்கும் மரியாதை இல்லைங்க.”

 பின்வரிசையிலிருந்து ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சத்தமாகவே சொன்னாள்: “இத்தன வருசமா இந்த வழியாப் போறாரு வாராரு. இன்னைக்குத்தான்டி அவரு குரலக் கேக்கறேன்!”

இப்போது மில்காரப் பெண்மணியும் சிரித்தார். “பேருக்குன்னு வாயத் தொறந்து கேட்டுட்டீங்க. களி கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா ஒண்ணும் கொறஞ்சுடாது. ஆனா ஒண்ணுங்க, அது என்ன அதிசயம்னு நாங்களும் வந்து பாப்போம்.”

ஆண்கள்தான் அதிகம் தயங்கினார்கள். ஆட்டம் விறுவிறுப்பான கட்டத்தில் இருந்ததாம். “யோவ், நாங்க அடுப்பையே நிறுத்தறோம், நீங்க டிவிய நிறுத்த மாட்டீங்களா?” என்று ஒருத்தி அதட்டினாள். டிவி அணைந்தது. வீட்டுக்கு வீடு குரல் போயிற்று. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

நான் திரும்பி வந்தபோது ஊர் முழுவதும் அந்தி இருட்டில் இருந்தது. எங்கள் அறையில் மட்டும் ஒரு கணினித் திரை வெளிச்சம். ஜன்னலிலும் வாசலிலும் தலைகள். ஈரக்காற்று உள்ளே வரக்கூடாது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றேன்.

“மூச்சு விடாதீங்கடி, கம்ப்யூட்டருக்குச் சளி புடிச்சுக்கும்” என்று யாரோ சொல்ல, அடக்கிய சிரிப்பு ஜன்னல் முழுவதும் பரவியது.

சுவிட்சைப் போட்டேன். ஒரு முனகல், பிறகு, எத்தனையோ ஆண்டுகள் என் காதுக்குப் பழகிய, சீரான அந்த ஓட்டம். திரும்பு குழாயில் பனி ஏறி, நான் நிறுத்திய இடத்திலேயே நின்றது. மருமகன் வேகத்தை ஏற்றினான். திரை இருளவில்லை. இன்னும் ஏற்றினான். என்னைப் பார்த்தான். தலையசைத்தேன். மறுபடி ஏற்றினான். குறித்த வேகத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கில் பிராசஸர் ஓடிக்கொண்டிருந்தபோது மானி மைனஸ் நாற்பத்தொன்றில் நின்றது. தங்கையின் கணவர் குனிந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மானியைத் தானே படித்தார். மருமகன் முடிவைக் குறுந்தகடு ஒன்றில் பதிந்துகொண்டான்.

“ஆச்சுங்க” என்றேன் ஜன்னல் பக்கம் திரும்பி.

“ஆச்சா? அவ்வளவுதானா? ஒண்ணுமே ஆடலியே, பாடலியே!” என்றார் மில்காரப் பெண்மணி.

“அவ்வளவுதானுங்க.”

“இதுக்கா எங்கள இருட்டுல உக்கார வெச்சீங்க!” என்று அவர் சொன்னதும் எழுந்த சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கு ஓடினார்கள். விளக்குகள் வந்தன.

தகப்பனும் மகனும் உடனே ஜீப்பில் ஏறினார்கள். வண்டி புறப்படும் முன் தங்கையின் கணவர் தலையை வெளியே நீட்டி, “எஞ்சினியர் மச்சான், வாரேனுங்க” என்றார். கிண்டல் இருக்கிறதா என்று கவனித்துக் கேட்டேன். இல்லை. அந்தப் போட்டியில் மருமகன் முதலிடம் பெறவில்லை. ஆனால் அவன் பிரிவில் இடம்பிடித்த வரிசையில் நம் நாட்டிலிருந்து இருந்தது அவன் பெயர் ஒன்றுதான் என்று மறுநாள் தொலைபேசியில் சொன்னான். குளிரூட்டி எங்கே வாங்கினாய் என்று ஐரோப்பாவிலிருந்தெல்லாம் கேட்கிறார்களாம். “பொட்டி பழசுதான், அதை மாத்திச் செஞ்சது எங்க மாமான்னு எழுதிட்டேனுங்க” என்றான்.

அந்தக் குளிரூட்டியைத் திருத்துவது, வேறு ஒருவர் செய்துவிட்டுப் போகட்டும் என்று நான் விட்டிருக்கக்கூடிய வேலை. விடவில்லை, அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் என்னுடைய படிப்பையும் பட்டத்தையும் அறிந்தவர்கள் எவரும் அதற்காக ஒரு விளக்கைக்கூட அணைத்ததில்லை. எதுவுமே அறியாத அந்த ஊரோ, நான் வாய் திறந்து கேட்ட ஒரே காரணத்துக்காக, அடுப்பில் வைத்த தண்ணீரை ஆறவிட்டு இருட்டில் காத்திருந்தது. என் பெயரில் ஒரு பங்கு அன்று முதல் அவர்களுடையது. அதை ஒப்புக்கொள்ளும்போது என் தலை தாழவில்லை, இன்னும் சற்று நிமிர்கிறது.